சுருட்டிப் பிடித்த காலண்டர்

...இன்னும் இருபத்துநான்கு பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பார்த்தாலும் இரண்டு மணி நேரம், நடுவில் சர்வர் படுத்துக்கொண்டால் அதற்கும் மேல், ஒன்றரைக்குக் கம்பெனி கேட்டில் நிற்காவிட்டால் அரை நாள் பர்மிஷன் முழு நாள் லீவாகி சூப்பர்வைசரின் மூஞ்சியைப் பார்க்க வேண்டிவரும்... பார்த்துக்கொள்ளலாம், அந்த மூஞ்சி ஒன்றும் புதிதில்லை. என் டோக்கன் நாற்பத்தொன்று. ஆம்பூர் தாலுகா ஆபீஸ் இ-சேவை மையத்தில் இரும்பு நாற்காலிகள் ஒன்றோடொன்று வெல்டு அடித்தவை, கடைசியில் ஒருவர் காலை ஆட்டினால் வரிசை முழுக்க ஆடுகிறது. ஆட்டுவது என் தம்பிதான். சூரியபிரகாஷ், பதினேழு வயது, மடியில் ஃபைல், அதன்மேல் இரண்டு கைகளும். காலையிலிருந்து இப்படித்தான் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துப்போகிறவன் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறான். இன்ஜினியரிங் கலந்தாய்வு விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் தப்பாக டிக் போட்டவன் அவன்தான். முதல் பட்டதாரியா என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டுவிட்டான். அதைத் திருத்தத்தான் அக்காவும் தம்பியும் காலையில் பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறோம். இங்கே சான்றிதழுக்கு விண்ணப்பித்து ஒப்புகைச் சீட்டு வாங்கினால், வெள்ளிக்கிழமைக்குள் வேலூர் உதவி மையத்தில் அந்த டிக்கை மாற்றித் தருவார்களாம். இன்று புதன்.

தப்பாக டிக் போட்டான் என்று சொல்கிறேனே, அவன் என்ன தப்பு செய்தான்? வீட்டில் யாரும் பட்டம் வாங்காமல் இருந்தால்தான் முதல் பட்டதாரி, அப்போதுதான் படிப்புக் கட்டணத்தை அரசு கட்டும். அவன் வீட்டுச் சுவரில் அவன் அக்கா கறுப்பு அங்கி போட்டு, தலையில் தட்டுத் தொப்பி வைத்து, கையில் சுருட்டிய சான்றிதழோடு ஆறு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் போட்டோவுக்குக் கீழே பாய் போட்டுப் படித்த பையன் இல்லை என்று போடாமல் வேறு என்ன போடுவான்? கேட்டது சரியான கேள்வி, போட்டது சரியான பதில், நடுவில் நான்தான் பொய். இது இந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான். உலகத்தில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று ஒன்று இருந்தால் அது எவ்வளவு கனம் என்று யாராவது கேட்டால் சொல்வேன், யாரும் கேட்டதில்லை.

என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். ஷூ கம்பெனியில் செக்கிங், ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் ஜோடிகள் கைக்கு வரும், பசை வழிந்திருக்கிறதா, தையல் ஒன்று விட்டிருக்கிறதா, இடது காலும் வலது காலும் ஒரே நிறத் தோலா... தோலில் மாட்டின் பழைய காயத் தழும்பு இருந்தால்கூட விரலில் தட்டிவிடும், கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. குறை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார், டிகிரி முடித்ததால்தான் மகளை செக்கிங்கில் போட்டார்களாம், இல்லாவிட்டால் தையல் லைனில் போட்டிருப்பார்களாம். கம்பெனி கேட்டது பிளஸ் டூ மார்க் ஷீட் மட்டும்தான். அதையும் அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லாததைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொல்லாதது இன்னொன்று, அதற்கும் துணைக்கு இன்னொன்று.

போன வாரம் ரேங்க் லிஸ்ட் வந்த அன்று, சாப்பிடும்போது அப்பா ஆரம்பித்தார். அவரோடு தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் பக்கம் வேலை செய்யும் ஜியாவுல்லா மாமாவின் மகளுக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடைத்துவிட்டதாம். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் வேறு சலுகை இருந்திருக்கும், எங்கள் சூரியா படித்தது உதவி பெறும் பள்ளி, அதனால் அது இல்லை. ஜியாவுல்லா மாமா நீயும் எழுதிப் போடேன் வேதாசலம் என்றாராம். அதற்கு அப்பா சொன்ன பதிலை எங்களிடம் மறுபடி சொல்லிக் காட்டினார், குழம்பு ஊற்றிய கையை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு... "நமக்கு அது கிடையாது பாய், நம்ம வூட்ல ஏற்கனவே ஒரு பட்டதாரி இருக்கு." அம்மா சிரித்தாள். கட்டணத்துக்குத் தன் பி.எஃப். பணத்தை எடுத்துக்கொள்ளலாம், கொஞ்சம் பேஜார்தான், ஆனால் பரவாயில்லை என்றார். கையைவிட்டுப் போவதைக்கூட அப்பா பெருமையாகச் சொன்னார், என்னால் போவதால் பெருமை. அந்தப் பணம் அவருடைய முதுகுவலி ஆபரேஷனுக்கு என்று வைத்திருந்தது. சூரியா தட்டைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு நாள் அது. ஆறு வருடத்துக்கு முன்னால், பி.எஸ்சி. ஆறாவது செமஸ்டர் ரிசல்ட், பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், மெக்கானிக்ஸ், இரண்டுக்கும் நேராக ஆர்.ஏ. என்று இருந்தது, மறுபடி எழுது என்று அர்த்தம். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன், ரெண்டு பேப்பர்தான்பா, நவம்பர்ல எழுதிடுவேன்பா... எழுதியிருப்பேன். சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார், ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு, உடம்பில் இன்னும் சுண்ணாம்பு வாடை, மடியில் ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ டப்பா. கேட்பதற்கு முன்னாலேயே வாங்கிவிட்டார். என் மகள் தோற்பாள் என்று ஒரு நிமிடம்கூட நினைக்காத மனிதரிடம் என்ன சொல்வது? "பாஸ்பா" என்றேன். சொன்ன உடனே அவர் ஒரு பேடாவை எடுத்து என் வாயில் வைத்துவிட்டார், அப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது, வாய் நிறைய இனிப்பு. நவம்பரில் எழுதி முடித்துவிட்டால் பொய் தானாக உண்மையாகிவிடும் என்று நினைத்தேன், ஆறு மாதத்துக்கு ஒரு பொய், அவ்வளவுதான் என்று.

நவம்பரில் எழுதினேன், ஒன்றில் நான்கு மார்க்கில் போனது, இன்னொன்றில் கேட்கவே வேண்டாம். ஏப்ரலில் பரீட்சை அன்று ஷிப்மெண்ட், லீவு தரவில்லை, நானும் சண்டை போட்டுக் கேட்கவில்லை... ஏன் கேட்கவில்லை? களைத்துப்போயிருந்தேன். அதற்குள் போட்டோவும் எடுத்தாகிவிட்டது. அம்மா நச்சரித்தாள், எல்லார் வீட்டிலும் மாட்டியிருக்கிறார்கள், நம் வீட்டில் மாட்டவில்லை என்று. பஜாரில் ஸ்டுடியோக்காரர் அங்கி, தொப்பி எல்லாம் ஆணியில் மாட்டி வைத்திருப்பார், யார் போனாலும் போட்டுவிடுவார். கையில் பிடிக்க ஏதாவது வேண்டும் என்று சுவரிலிருந்த போன வருடக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துச் சுருட்டி, சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்தார். ஒரு பக்கம் கொஞ்சம் பிரிந்துகொண்டே இருந்தது, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். போட்டோவில் பார்த்தால் பெருமையில் பிடித்த மாதிரி இருக்கும்.

பிறகு அது தானாக வளர்ந்தது, நான் எதுவும் செய்யவில்லை. அத்தை பெண்ணின் மஞ்சள் நீராட்டு பேனரில் என் படத்துக்குக் கீழே எழிலரசி பி.எஸ்சி., மாரியம்மன் திருவிழா பேனரில் பி.எஸ்சி., கல்யாணப் பத்திரிகைகளில் தாய்மாமன் வகையறாவில் பி.எஸ்சி. பஸ்ஸில் போகும்போது பிளெக்ஸில் என் பெயரைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது, நல்லவர்கள்தான், படித்த பெண் வேண்டும் என்றார்கள். ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தேன், மூக்கு பிடிக்கவில்லை என்றுகூடச் சொன்னேன், பாவம் அந்த மூக்கு நன்றாகத்தான் இருந்தது. கம்பெனியில் என் டேபிளில் எதிரும் புதிருமாக எட்டுப் பேர், மத்தியானம் டிபன் பாக்ஸ் திறந்தால் எல்லார் கதையும் வெளியே வந்துவிடும், குடிகாரப் புருஷன், மாமியார், அடகு வைத்த செயின். நான் கேட்டுக்கொள்வேன், எல்லோருக்கும் நான் நல்ல தோஸ்த். என்னிடம் யாரும் உன் கதை என்ன என்று கேட்பதில்லை, பட்டதாரிக்கு என்ன கவலை. வீட்டிலும் அப்படித்தான். நான்கு பேர் ஒரே அறையில் படுத்தாலும் நான் மட்டும் வேறு எங்கோ தனியாக இருக்கிற மாதிரி, அவர்கள் பேசுவதெல்லாம் போட்டோவில் இருக்கிறவளிடம் பேசுகிற மாதிரி. அவள்மேல் எனக்குப் பொறாமைகூட உண்டு.

டோக்கன் முப்பது. பக்கத்தில் ஒரு பாட்டி முதியோர் பென்ஷனுக்கு விரல் ரேகை விழவில்லை என்று ஆபரேட்டரோடு மல்லுக்கட்டுகிறாள். சூரியா எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்து வந்து எனக்குத்தான் முதலில் கொடுத்தான். நல்ல பிள்ளை. திங்கள்கிழமை அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அப்ளிகேஷனில் ஒரு டிக் தப்பாக இருக்கிறது, முதல் பட்டதாரிக் கட்டம், மாற்ற வேண்டும், அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றேன். ஏன் தப்பு என்று கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன். ரூல்ஸ் மாறிவிட்டது என்று ஒன்று, அரசு வேலையில் இருக்கிற பட்டதாரியைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்று ஒன்று, மூன்றாவது உண்மை. ஒன்றும் தேவைப்படவில்லை. "சாரிக்கா, என் தப்புதான், சரி பண்ணிடலாம்" என்றான், அவ்வளவுதான். அப்பாடா என்று இருந்தது. தெரிந்த கடைக்குப் போகாமல் பைபாஸ் பக்கம் தில்ஷாத் என்று ஒரு பெண் வைத்திருக்கும் பிரவுசிங் சென்டரில் உறுதிமொழிப் படிவத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, உன் பெயர், பள்ளி விவரம் மட்டும் நிரப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மற்றது என்றால் இரண்டு இடம். குடும்ப உறுப்பினர் கல்வித் தகுதி என்று ஒரு பட்டியல், அதில் என் வரிசை. கீழே பெற்றோர் கையெழுத்து. டோக்கன் நெருங்கும்போது ஜெராக்ஸ் எடுத்துவா என்று அவனை வெளியே அனுப்பிவிட்டு இரண்டையும் நானே எழுதிவிடுவது என்று திட்டம். அப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் பழகிவிட்டேன், நேற்று டீ டைமில் ரிஜெக்‌ஷன் சீட்டுகளின் பின்பக்கம் முப்பது தடவையாவது. வேறு வழியில்லை. அப்பா எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்னால் ஒரு தோல் ஷாப்பில் சம்பள உயர்வுக் காகிதம் என்று நீட்டினார்களாம், போட்டுவிட்டார், சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு விலகுகிறேன் என்று அதில் எழுதியிருந்ததாம். பதினொரு வருட சர்வீஸ் போனது. அன்றிலிருந்து காஸ் பில்லைக்கூட விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக, வாய்க்குள் முணுமுணுத்து முடித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவார். ஐந்தாம் வகுப்புப் படிப்புதான், ஆனால் முழுசாகப் படிப்பார். அவரிடம் அந்தத் தாளை எப்படி நீட்டுவது? மகன் காலேஜுக்கு மகள் கள்ளக் கையெழுத்து போடுகிறாள்... நல்ல குடும்பம்.

அதிலும் இன்றைக்குப் பார்த்து அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். காலையில் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே போட்டோ முன்னால் நின்றார். ஆறு வருடத்தில் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை, வருகிறவர்களிடம் காட்டுவதோடு சரி. திரும்பிப் பார்க்காமலே கேட்டார், "எழிலு, இதுல நீ கையில இன்னாம்மா சுருட்டி வெச்சிருக்க?" "சர்டிபிகேட்டுதான்பா" என்றேன். "ம்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார், அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். குற்றமுள்ள நெஞ்சுக்கு எது கேட்டாலும் போலீஸ்காரன் கேட்கிற மாதிரிதான் இருக்கும். அவருக்கு என்ன, வயதாகிவிட்டது, ஏதோ தோன்றியிருக்கும், கேட்டிருப்பார்.

முப்பத்தெட்டு. சூரியா, ஆதார் ஜெராக்ஸ் இன்னொரு செட் எடுத்து வாடா என்றேன். ஆதார் கார்டுகளை மட்டும் உருவிக்கொண்டு ஃபைலை என் மடியில் வைத்துவிட்டுப் போனான். அவன் வாசலைத் தாண்டும்வரை பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தேன், நீலம்தான், அப்பா நீலத்தில்தான் போடுவார். படிவத்தை உருவினேன். என் பெயருக்கு நேரே காலியாக இல்லை. அப்பா வேதாசலம், ஐந்தாம் வகுப்பு. அம்மா அமிர்தவள்ளி, எட்டாம் வகுப்பு. சகோதரி எழிலரசி, பன்னிரண்டாம் வகுப்பு. சூரியாவின் கையெழுத்து, குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். பன்னிரண்டாம் வகுப்பு. இரண்டாவது தடவை படித்தேன், மூன்றாவது தடவை படித்தேன். அதற்குக் கீழே இன்னும் நான்கு வரி தள்ளி, பெற்றோர் என்ற இடத்தில், வே. வேதாசலம்.

குறை தேடினேன். வேறென்ன தெரியும் எனக்கு? சூரியா போட்டிருப்பானோ... நான் போட நினைத்ததை அவன் போட்டிருக்கக்கூடாதா என்ன. தாளைத் திருப்பி, பின்பக்கம் விரலை வைத்து மெதுவாக ஓட்டினேன். எழுத்து ஒவ்வொன்றும் புடைத்துக்கொண்டு நின்றது. அப்பா அப்படித்தான் எழுதுவார், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி. முப்பது தடவை எழுதிப் பார்த்தும் எனக்கு வராதது அந்த அழுத்தம்தான். இது அவர் போட்டது. ஒட்டுவதற்கு என்னிடம் சிவப்பு ஸ்டிக்கர் எதுவும் இல்லை, ஒட்ட இடமும் இல்லை. கை மட்டும் தாளின் பின்பக்கமே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

திங்கள்கிழமை அவன் ஏன் என்று கேட்கவே இல்லையே. அக்கா பட்டதாரியாச்சே, அப்புறம் எப்படி என்று எந்தப் பையனும் கேட்பானே... கேட்காததை நினைத்து நிம்மதிப்பட்டேனே தவிர ஏன் கேட்கவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்தேனா? ஜெராக்ஸோடு வந்து உட்கார்ந்தான், என் மடியில் தாள் திறந்திருப்பதைப் பார்த்தான், பார்த்துவிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த கட்டண அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தான். அப்போது அப்ளிகேஷனில் தெரிந்தேதான் இல்லை என்று போட்டாயா என்று கேட்டேன். அட்டவணையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நானா எப்டிக்கா போடறது. நீ சொல்லணும் இல்ல." எப்போதிலிருந்து தெரியும், யார் சொன்னது, பீரோவில் துணிக்கு அடியில் மார்க் ஷீட்டைப் பார்த்தானா, ஒன்றும் கேட்க முடியவில்லை. நான்கு வருடப் படிப்பைப் பணயம் வைத்து ஒரு டிக் போட்டிருக்கிறான், நான் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து அதைத் தப்பு என்று சொல்லி, அவனும் சாரி கேட்டு... அவன் தோளில் கை வைக்க வேண்டும்போல் இருந்தது, வைக்கவில்லை, கடைசியாக எப்போது வைத்தேன் என்று நினைவில்லை.

நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள். ஆபரேட்டர் பெண் தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தாள், தலையை நிமிர்த்தாமலே கேட்டாள், வீட்டில் வேறு யாராவது டிகிரி முடித்தவர்கள் இருக்கிறார்களா, அண்ணன், அக்கா யாராவது என்று. எல்லோரிடமும் கேட்பதுதான். சூரியா இரண்டு அடி தள்ளிப்போய் ஃபைலின் ரப்பரைச் சரிசெய்தான். "இல்லைங்க மேடம். நாந்தான் அக்கா. நான் முடிக்கல" என்றேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டு. அவள் சரி என்று எதையோ தட்டினாள், மெஷின் ஒப்புகைச் சீட்டைத் துப்பியது, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். இதற்காகவா நான்...

வெளியே வந்தோம், வெயில் சுள்ளென்று அடித்தது, கம்பெனி வேன் ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. நாளைக்கு வேலூருக்கு நானே போய்க்கொள்கிறேன், நீ லீவு போடாதே என்றான். சீட்டை நான்காக மடிக்காமல் ஃபைலுக்குள் வை என்றேன். பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு, அப்பா படித்தாரா என்று கேட்டேன்.

"படிச்சாரு. நேத்து சாயந்தரம். ரெண்டு தடவ."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. பேனா கேட்டாரு."

நேற்று சாயந்திரம். நான் ஓவர்டைம் முடித்து வருவதற்கு முன்னால். ஒவ்வொரு எழுத்தாக, விரல் வைத்து, எழிலரசி, பன்னிரண்டாம் வகுப்பு... நேற்றுத்தான் அவருக்குத் தெரிந்ததா, இல்லை அதற்கும் முன்னாலேயேவா, நம்ம வூட்ல ஒரு பட்டதாரி இருக்கு என்று ஜியாவுல்லா மாமாவிடம் சொன்னபோது தெரியுமா தெரியாதா? அது தெரியவில்லை. தெரிவது ஒன்றுதான். இன்று காலையில் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு நின்றபோது அவருக்குத் தெரிந்திருந்தது. படித்துவிட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு, ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்து, என் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று திரும்பாமலே கேட்டிருக்கிறார், கையில் இன்னாம்மா என்று. நான் சொல்வதற்கு இடம் கொடுத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். நான் சர்டிபிகேட்டுதான்பா என்றேன்.

பஸ் வந்துவிட்டது, சூரியா முதலில் ஏறி ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டு நிற்கிறான். ஒன்றரைக்குள் போய்விடலாம். சாயந்திரம் வீட்டுக்குள் நுழையும்போது அப்பா எப்போதும் உட்காருகிற இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார், போட்டோவும் அதன் இடத்தில் இருக்கும், எழிலு சாப்டியா என்பார், பஸ் கூட்டமா என்பார்... அந்தக் கேள்வியை மட்டும் இனி அவர் கேட்கமாட்டார்.